கம்பி கட்டிய கை, பாஞ்சோ பிடித்த கை

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்)



மறைந்த மேதை ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி மலர்க்குழுவில் கேட்டார்கள். போன வருஷ மலரில் விசுவேசுவரய்யா. அதற்கு முந்தின வருஷம் எடிசன். அதற்கும் முந்தின மலரை நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன், மறுபடியும் விசுவேசுவரய்யா! அவர்கள் பெரியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் எழுதப்போகிறவர் அணை கட்டவில்லை, பல்பு கண்டுபிடிக்கவில்லை. 13 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். கம்பி கட்டினார், எண்ணெய்ப் பீப்பாய் கழுவினார், பாடினார், குடித்தார், 43 வயதில் போய்ச் சேர்ந்தார். பெயர் லூக் கெல்லி. ஊர், அயர்லாந்தின் தலைநகரம் டப்ளின்.

மலர்க்குழுவில் இருக்கும் மெக்கானிக்கல் நண்பன், ஒரு குடிகாரரைப் பற்றி மாணவர் மலரில் எழுதலாமாடா என்று கேட்டான். முழுசாப் படிச்சுட்டு அப்புறம் சொல்லு என்று கையில் கொடுத்துவிட்டேன். இது அச்சில் வந்திருந்தால் அவன் கடைசி வரை படித்துவிட்டான் என்று அர்த்தம்.

இவர் எனக்கு எப்படித் தெரிய வந்தார்? இரண்டாம் ஆண்டில் நமக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி இருந்ததே, அந்த வகுப்பில்தான். பல நாட்டுக்காரர்கள் ஆங்கிலத்தை உச்சரிக்கும் விதம் காதுக்குப் பழக வேண்டும் என்று மேடம் சில பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். பின்பெஞ்சில் பாதிப் பேர் தூக்கம். மூன்றாவதாக ஒரு குரல் வந்தது பாருங்கள்... சாரத்தின் உச்சியில் நிற்கிறவன் கீழே கலவை போடுகிறவனைக் கூப்பிடுவானே, அந்த மாதிரிக் குரல். மைக் இல்லாமலே தெரு முழுக்கக் கேட்கும் என்று தோன்றியது. வார்த்தை ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை. தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்துவிட்டு வந்தவன் நான், எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அயர்லாந்து ஆங்கிலம் எங்கே புரியப் போகிறது! ஆனால் குரல் மட்டும் மதியம் வொர்க்ஷாப்பில் அரம் ராவும்போதும் காதிலேயே நின்றது.

அந்தப் பாட்டின் பெயர் 'டர்ட்டி ஓல்டு டவுன்'. அழுக்குப் பிடித்த பழைய ஊர் என்று சொல்லலாம். இங்கிலாந்தில் சால்ஃபோர்டு என்ற ஆலை நகரத்தைப் பற்றி ஈவான் மக்கால் 1949-ல் எழுதியது. பாடியவர் யார் என்று மேடத்திடம் கேட்டு எழுதிக்கொண்டேன். பிறகு நூலகத்திலும் கம்ப்யூட்டர் லேபிலும் தேடிப் படித்தேன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஒரு வரியில் வந்து நின்றுவிட்டேன். இவர் இங்கிலாந்தில் முதலில் பார்த்த வேலை, கட்டடத்துக்குக் கம்பி கட்டுவது. சரியாகத்தான் படித்தேனா என்று இன்னொரு தடவை பார்த்தேன். அதேதான்.

எங்கப்பாவும் கம்பி கட்டுகிறவர்.

மற்ற பிரிவு நண்பர்களுக்காக ஒரு விளக்கம். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் வரைபடத்தில் உள்ளபடி கம்பியை வெட்டி, வளைத்து, ரிங் மாட்டி, ஒவ்வொரு குறுக்கிலும் கட்டுக்கம்பியைச் சுற்றிக் கொக்கியால் முறுக்க வேண்டும். ஒரு தளத்துக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். குனிந்த இடுப்பு சாயங்காலம்தான் நிமிரும். மே மாசம் பன்னிரண்டு மணிக்குக் கம்பியைக் கையால் தொட்டுப் பாருங்கள், தெரியும். கான்கிரீட் மூடிவிட்டால் இத்தனை வேலையும் யார் கண்ணுக்கும் படாது. நாம் பாடத்தில் இழுவிசையைக் கம்பி தாங்குகிறது என்று எழுதி மார்க் வாங்குகிறோமே, அது இதுதான்.

சரி, லூக் கதைக்கு வருவோம்.

* * *

1940 நவம்பர் 17-ல் டப்ளினில் ஷெரிஃப் தெருவில் பிறந்தார். லிஃபி ஆற்றுக்கு வடக்கே, துறைமுகத்தை ஒட்டின பகுதி. மூட்டை இறக்குகிற குடும்பங்கள் நெருக்கி வாழ்ந்த இடம். அப்பா பெயரும் லூக். ஜேக்கப்ஸ் பிஸ்கட் ஆலையில் வேலை. அந்த அப்பா சின்னப் பையனாக இருந்தபோது, 1914 ஜூலையில், பாச்சிலர்ஸ் வாக் என்ற இடத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டார்கள். அதில் அவருக்கும் பலத்த காயம். பிழைத்தார். அவர் பிழைக்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

வீட்டில் பாட்டு உண்டு, கால்பந்து உண்டு, காசுதான் கிடையாது. 1953-ல் வீட்டில் தீப்பிடித்தது. குடும்பம் ஷெரிஃப் தெருவை விட்டு வைட்ஹால் என்ற புறநகர்ப் பக்கம் போக வேண்டியதாயிற்று. அதே 13 வயதில் லூக்குக்குப் பள்ளிக்கூடமும் முடிந்தது. கிடைத்த எடுபிடி வேலைகளைச் செய்தார். 1958-ல், 17 வயதில், கப்பல் ஏறி இங்கிலாந்து போனார். அந்தக் காலத்தில் அயர்லாந்துப் பையன்களுக்கு அதுதான் வழி. போரில் இடிந்த நகரங்களை இங்கிலாந்து திரும்பக் கட்டிக்கொண்டிருந்தது, ரோடு போட்டுக்கொண்டிருந்தது. கை வேண்டும். கை அயர்லாந்திலிருந்து போனது. நம்ம ஊர்ப் பையன்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிற மாதிரிதான்.

உல்வர்ஹாம்ப்டன் என்ற ஊரில் அண்ணன் பேடி கூடச் சேர்ந்து கம்பி கட்டினார். கூலியைக் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டார். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அப்புறம்தான் பீப்பாய் கழுவினது. வீடு வீடாகக் கதவைத் தட்டி வேக்குவம் கிளீனர் விற்றுப் பார்த்ததும் உண்டு. லூக் கெல்லி டை கட்டிக்கொண்டு வேக்குவம் கிளீனர் விற்கிற காட்சியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஏனென்றால் படத்தில் அவரைப் பார்த்தால், தலை நிறைய செம்பட்டைச் சுருட்டை முடி, நெஞ்சு வரைக்கும் இல்லாவிட்டாலும் நல்ல அடர்த்தியான தாடி. அந்தத் தலையைப் பார்த்தால் எங்கள் தெருவில் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்!

1960-ல் நியூகாஸிலில் ஒரு நாட்டுப்பாடல் மன்றத்துக்குள் நுழைந்தார். மன்றம் என்றால் பெரிய சபா இல்லை. மதுக்கடைக்கு மேலே ஒரு ரூம். வந்தவர்கள் முறை வைத்துப் பாடுவார்கள். மைக் கிடையாது, டிக்கெட் கிழிக்கிற ஆள் இருந்தால் அதிகம். சுரங்கத்தில் செத்தவனைப் பற்றி, கப்பல் கூலியைப் பற்றி, வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பாட்டு. லூக்குக்கு இது போதுமாயிருந்தது. ஐந்து தந்தி பாஞ்சோ ஒன்று வாங்கினார். மேளத்தில் தோல் இழுத்துக் கட்டுகிற மாதிரி வட்டத்தில் தோல் கட்டி, நீளமாகக் கழுத்து வைத்த வாத்தியம் அது. கேட்ட பாட்டையெல்லாம் மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார். லீட்ஸ் நகரத்தில் தெருவில் நின்று பாடிக் காசு வாங்கினார்.

பிறகு பர்மிங்காம். அங்கே ஷான் முல்ரெடி என்பவர் வீட்டில் தங்கினார். இடதுசாரிக் கொள்கைக்காக டப்ளினில் இருக்க முடியாமல் வெளியேறிய ஆசிரியர் அவர். அந்த வீடுதான் லூக்குக்குப் பள்ளிக்கூடம். புத்தகமாகப் படித்துத் தள்ளினார். இளம் கம்யூனிஸ்ட் சங்கத்தில் சேர்ந்தார். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சன் இருந்தார். பள்ளிப் படிப்பே முடிக்காத இந்தப் பையனை, செக்கோஸ்லோவாக்கியாவில் பிராக் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படி என்று அனுப்ப வழி செய்ய முன்வந்தார்.

இங்கே ஒரு இடைச்செருகல். தாம்சன் என்ற பெயரை நான் நம்ம நூலகத்தில் ஏற்கெனவே பார்த்திருந்தேன், தமிழ் இலக்கிய அலமாரியில்! ஈழத்து அறிஞர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் முனைவர் பட்டத்துக்குப் பர்மிங்காம் போய் ஆராய்ச்சி செய்தது இதே தாம்சனிடம்தான். நம் சங்கப் பாட்டை கிரேக்க வீரப் பாட்டோடு வைத்துப் பார்க்கக் கைலாசபதிக்கு வழிகாட்டினவரும், கம்பி கட்டிய லூக் கெல்லிக்குக் காலேஜ் சீட் வாங்கித் தர நின்றவரும் ஒரே ஆள். அலமாரி முன்னால் நின்று நான் கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

லூக் பிராக் போகவில்லை. பாட்டுப் பாடப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, நிஜமாகவே. எங்கள் வீட்டில் என் முதல் செமஸ்டர் ஃபீஸ் கட்ட அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. கிடைக்கிற சீட்டை ஒருத்தர் வேண்டாம் என்கிறாரே! இப்போதும் அந்தக் கோபம் முழுசாகத் தீரவில்லை. ஆனால் போயிருந்தால் அந்தக் குரல் ஏதோ ஒரு ஆபீஸுக்குள் போயிருக்கும், நான் கேட்டிருக்க மாட்டேன் என்பதும் உண்மை.

* * *

1962-ல் டப்ளின் திரும்பினார். மெரியன் ரோவில் ஓடோனஹியூஸ் என்று ஒரு பப். பப் என்றதும் நம்ம ஊர்க் கடை மாதிரி கம்பி வலைக்குள் கையை நீட்டி வாங்கிக்கொண்டு ஓடுகிற இடம் என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்து பேசுவார்கள், வாதாடுவார்கள், பாடுவார்கள். அங்கே ரானி ட்ரூ, பார்னி மக்கென்னா, கியரன் பர்க் மூன்று பேரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ரானி ட்ரூவுக்கு ஜல்லி மெஷின் ஓடுகிற மாதிரிக் குரல். பார்னி இன்னொரு வகை பாஞ்சோவில் புலி. லூக் நாலாவது ஆளாகச் சேர்ந்தார். ரானி ட்ரூ குழு என்று பெயர். அந்தப் பெயர் ரானிக்கே பிடிக்கவில்லை. லூக் அப்போது ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய 'டப்ளினர்ஸ்' கதைத் தொகுதியைப் படித்துக்கொண்டிருந்தார். அதையே குழுவுக்கு வைக்கலாம் என்றார். டப்ளின்காரர்கள்! பள்ளிக்கூடத்தை விட்டவர் கையில் இருந்த புத்தகம் குழுவுக்குப் பெயர் வைத்தது.

1964-ல் நடுவில் ஒருமுறை குழுவை விட்டு லண்டன் போய், ஈவான் மக்கால், பெக்கி சீகர் இவர்களோடு இருந்தார். பாட்டை எப்படிப் பாடுவது என்பதைவிட, அந்தப் பாட்டில் வருகிற ஆள் யார், என்ன வேலை செய்கிறவன் என்று தெரிந்துகொண்டு பாட வேண்டும் என்பது அவர்கள் வழி. 1965-ல் திரும்பிவந்து குழுவில் சேர்ந்தார். அதே வருஷம் நடிகை டீர்ட்ரா ஓகானலைத் திருமணம் செய்தார். டப்ளினில் ஃபோகஸ் தியேட்டர் என்ற நாடக அரங்கை நிறுவியவர் அவர். பின்னாளில் இருவரும் பிரிந்தார்கள்.

1967-ல் குழு எங்கேயோ போய்விட்டது. ரானி ட்ரூ பாடிய 'செவன் ட்ரங்கன் நைட்ஸ்' என்ற பாட்டு, ஏழு ராத்திரி குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவன் கதை. அதில் ஐந்து ராத்திரியைத்தான் பாடினார்கள். மீதி இரண்டும் சபையில் பாடத் தகாதவை! அயர்லாந்து வானொலி பாட்டுக்குத் தடை போட்டது. கடலில் கப்பலிலிருந்து ஒலிபரப்பிய ரேடியோ கரோலின் அதையே திரும்பத் திரும்பப் போட்டது. பிரிட்டனில் விற்பனை வரிசையில் ஏழாவது இடம் வரை ஏறியது. அதே வருஷம் லூக் பாடிய 'பிளாக் வெல்வெட் பேண்ட்' பாட்டும் நன்றாக விற்றது. அந்த வருஷத்து அவர்கள் ரெக்கார்டுக்குப் பெயர் 'எ டிராப் ஆஃப் தி ஹார்டு ஸ்டஃப்'. கடுஞ்சரக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரக்கும் அவர்களோடேயே ஓடியது. மறைக்க மாட்டேன். ஊர் ஊராகக் கச்சேரி, கச்சேரி முடிந்ததும் பப், பப் மூடினதும் யாராவது ஒருத்தர் வீடு. குடித்துக்கொண்டே பாடுகிற தாடிக்காரர்கள் என்பதுதான் அவர்கள் அடையாளமே. ஜனங்களும் அதைத்தான் எதிர்பார்த்து வந்தார்கள். விசில் வாசித்த கியரன் பர்க் 1974-ல் மூளையில் ரத்தம் கசிந்து விழுந்தார். ஒரு பக்கம் செயலிழந்தது, 1988-ல் இறந்தார்.

ஆனால் லூக்கின் பாட்டுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கனடாவில் ஸ்பிரிங்ஹில் நிலக்கரிச் சுரங்கம் 1958-ல் சரிந்து எழுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதைப் பற்றிப் பெக்கி சீகர் கட்டிய பாட்டைப் பாடினார். 'ஸ்கூல்டேஸ் ஓவர்' என்று மக்கால் எழுதியது ஒன்று. பள்ளி முடிந்த பையன் சுரங்கத்துக்கு வேலைக்குப் போகிற பாட்டு. ஹாஸ்டலில் அதைப் போட்டுக் கேட்டால் என் ரூம்மேட் நிறுத்தச் சொல்கிறான், ராகம் வயிற்றைப் பிசைகிறதாம். அவனும் பத்தாவது லீவில் செங்கல் சூளைக்குப் போனவன்தான்.

இரண்டு பாட்டுகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும்.

ஒன்று 'ராக்லன் ரோடு'. பேட்ரிக் கவனா என்ற கவிஞர் எழுதியது. அவர் மோனஹன் பகுதிக் கிராமத்தில் செருப்புத் தைக்கிறவர் மகன், அவரும் 13 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். டப்ளினில் பெய்லி என்ற பப்பில் லூக் உட்கார்ந்திருந்தபோது, வயதான கவனா இவரைக் கூப்பிட்டு, தன் கவிதையைப் பாடச் சொன்னார். ஒரு பழைய ஐரிஷ் நாட்டு மெட்டில் அது உட்கார்ந்தது. கவனா 1967-ல் இறந்துவிட்டார். கைகூடாத காதலைப் பற்றின அந்தக் கவிதையை இன்றைக்கு அயர்லாந்தில் யாராவது நினைத்தால் லூக் குரலில்தான் நினைக்கிறார்களாம். பள்ளியை விட்ட ஒருவர் எழுதி, பள்ளியை விட்ட இன்னொருவர் பாடினது.

இரண்டாவது 'ஸ்கார்ன் நாட் ஹிஸ் சிம்பிளிசிட்டி'. டெர்ரி ஊர்க்காரரான ஃபில் கோல்ட்டர் எழுதியது. அவருடைய முதல் குழந்தை டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தது. அந்த மகனைப் பற்றி அப்பா எழுதின பாட்டு. லூக் பாடிப் பதிவு செய்தார், கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள். கச்சேரிக்குக் கச்சேரி பாடியிருந்தால் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். லூக் அதை மேடையில் அபூர்வமாகத்தான் பாடினார். ஒரு அப்பாவின் சொந்த வேதனை, அதைத் தினமும் எடுத்து விற்கக் கூடாது என்பது அவர் எண்ணம். குடிகாரர், முரடர், ராத்திரி முழுக்கத் தூங்காதவர் என்று எல்லோரும் சொல்கிற மனிதருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

* * *

எழுபதுகளின் கடைசியில் லூக்குக்கு அடிக்கடி தலைவலி. ஆயிரம் தடவை பாடின பாட்டில் அடுத்த அடி மறந்து நிற்பார். ஞாபகசக்திக்குப் பெயர் போன ஆள்! சுற்றி இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள்? ஓயாத கச்சேரி, தூக்கமில்லாத ராத்திரி, ஓயாத குடி. வேறென்ன இருக்கப் போகிறது என்றே நினைத்தார்கள்.

1980 ஜூன் 30. கார்க் நகர ஓப்பரா ஹவுஸ். பாடிக்கொண்டிருந்த லூக் மேடையிலேயே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மூளையில் கட்டி. தலைவலியும் மறதியும் அதனால்தான். எல்லோரும் குடி மேல் போட்ட பழி அத்தனை நாள் அந்தக் கட்டியை மறைத்துவிட்டது.

இந்த இடத்தில்தான் நான் அந்தப் புத்தகத்தை மூடினேன். இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றினதும் இங்கேதான். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது, ஒரு புதன்கிழமை, அப்பா ஒரு தளத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர் கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டார். எழுந்து நடந்தால் கால் தள்ளாடியிருக்கிறது, நாக்குக் குழறியிருக்கிறது. மேஸ்திரி பார்த்துவிட்டு, வேலை நேரத்தில் குடித்துவிட்டு வந்தாயா என்று எல்லோர் எதிரிலும் கேட்டு, அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்டு அனுப்பிவிட்டார். அப்பா சனிக்கிழமை குடிப்பார். அது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். சாயங்காலம் நான் காலேஜ் விட்டு வந்ததும் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், இன்னைக்குத் தொடலைப்பா என்றார். நான் பதில் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். ரெக்கார்டு நோட்டு எழுதினேன். நாலு நாள் அவரோடு பேசவில்லை.

மேஸ்திரி மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அவர் அந்நியர். நான் பிள்ளை. வாயை முகர்ந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். பக்கத்தில் கூடப் போகவில்லை.

மூன்று வாரம் கழித்து மறுபடி மயங்கினார். அம்மா பிடிவாதமாகப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை 400-க்கு மேல். எத்தனை மாசமாக இருந்ததோ. காலில் ஒரு புண் ஆறாமல் இருந்ததும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. டாக்டர் என்னைப் பார்த்து, படிக்கிற பையன் நீ, முன்னாடியே கூட்டிவந்திருக்கக் கூடாதா என்றார். அவருக்கும் நான் பதில் சொல்லவில்லை.

அப்பா இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். சனிக்கிழமையும் நின்றுவிட்டது. அந்தப் புதன்கிழமையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை. இதோ இங்கே எழுதிவிட்டேன், மலரை அவரிடம் யாராவது வாசித்துக் காட்டட்டும்.

* * *

ஆபரேஷன் முடிந்து லூக் மறுபடி மேடைக்கு வந்தார். இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். மண்டையைத் திறந்து மூடின மனிதர், நாடு நாடாகப் போய்ப் பாடுகிறார். சில நாள் நடுவிலேயே மேடையை விட்டு இறங்க வேண்டி வரும். வார்த்தை வராது. ஷான் கேனன் என்ற பாடகர் குழுவில் சேர்ந்து அந்த இடத்தைத் தாங்கிக்கொண்டார். 1983-ல் ஆம்ஸ்டர்டாமில் கரே அரங்கில் நடந்த கச்சேரியை ரெக்கார்டு செய்தார்கள். அதில் லூக் குரலைக் கேட்டேன். முந்தின குரலை விடச் சற்று மெல்லிசு. ஆனாலும் அதே சாரத்தின் மேலிருந்து கூப்பிடுகிற குரல்.

1984 ஜனவரி 30-ல் டப்ளினில் இறந்தார். கிளாஸ்நெவின் மயானத்தில் புதைத்தார்கள். கல்லறைக் கல்லில் பெரிய பட்டம் எதுவும் இல்லை. பெயரும், டப்ளின்காரர் என்ற ஒரே சொல்லும்தான்.

சிவில் மாணவர்களுக்கு ஒரு செய்தி. டப்ளினில் டோல்கா ஆற்றின் மேல் பாலிபோ பாலம் இருக்கிறது. அதற்கு லூக் கெல்லி பாலம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். தலைவர்கள் பெயரைப் பாலத்துக்கு வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். கம்பி கட்டினவர் பெயரில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அவர் இறந்து 35 வருஷம் நிறைந்த நாளில், 2019 ஜனவரி 30 அன்று, டப்ளினில் ஒரே நாளில் இரண்டு சிலைகளைத் திறந்தார்கள். குடியரசுத் தலைவர் மைக்கேல் ஹிக்கின்ஸ் வந்து திறந்து வைத்தார். தெற்குக் கிங் தெருவில் இருப்பது, லூக் உட்கார்ந்து பாஞ்சோ வாசிக்கிற வெண்கலச் சிலை. ஜான் கோல் செய்தது. எல்லோரும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று அவர் பிறந்த ஷெரிஃப் தெருவில். வேரா குளூட்டே என்ற சிற்பி செய்தது. உடம்பு கிடையாது, தலை மட்டும், இரண்டு மீட்டர் உயரத்தில் பளிங்கில். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்து பாடுகிற முகம். முடியும் தாடியும் மட்டும் கல் இல்லை. ஒவ்வொன்றும் செம்புக் கம்பி! திறந்த பிறகு அந்தத் தலை மேல் பலமுறை யாரோ பெயின்ட் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து வைக்கிறார்கள்.

அந்தப் படத்தைப் பொங்கல் லீவில் அப்பாவிடம் காட்டினேன். யாருப்பா இவன், வெள்ளைக்காரச் சாமியாரா என்று கேட்டார். நம்ம வேலை பார்த்தவர்ப்பா, கம்பி கட்டினவர், கூலி கூடக் கேட்டு வேலை போச்சு, அப்புறம் பாட்டுப் பாடினார் என்றேன். கூலி கேட்டு வேலை போச்சு என்றதும் சிரித்தார். செல்போனை வாங்கி, விரலால் படத்தைப் பெரிசாக்கி, அந்த முடியையே ரொம்ப நேரம் பார்த்தார். கல்லில் துளை போட்டு ஒவ்வொன்றாகச் சொருகியிருப்பான், இதைச் செய்தவனுக்கு நல்ல கை என்றார். அப்புறம் சாப்பாட்டுக்கு முந்தின மாத்திரையை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.